குங்குமம் வைத்த புத்தகம்

படூருக்குக் குடிவந்து நான்கு வருடம் கழித்துத்தான் எங்கள் ஃப்ளாட்டில் புத்தக அலமாரி வந்தது. சுவரில் துளை போட ஆள் தேடாதே என்று சொல்லி, கருங்குழியிலிருந்து அண்ணனே டிரில்லிங் மெஷினோடு ஞாயிறு காலை வந்துவிட்டார். அண்ணன் பஸ் கண்டக்டர். சில வருடங்களாகவே வீட்டுக்கு வந்தால் வாசலில் நின்றே பேசிவிட்டுப் போய்விடுவார்; டியூட்டி அவசரம் என்று நினைத்துக்கொள்வேன்.

பலகைகள் ஏறியதும் அடுக்க ஆரம்பித்தோம். நான் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள், பெரிய படிப்பாளி என்று குடும்பத்தில் பெயர். தடித்தடியான ஆங்கிலப் புத்தகங்களைக் கண்ணுக்கு நேரான தட்டில் வைத்தேன். பாதிக்கு மேல் திறந்துகூடப் பார்த்ததில்லை. பார்க்க வருகிறவர்கள் பரீட்சையா வைக்கப் போகிறார்கள்?

பெட்டியின் அடியில் அண்ணனின் புத்தகம் இருந்தது. தன் வாழ்க்கை அனுபவங்களை அவர் எழுதி, சொந்தச் செலவில் மதுராந்தகத்தில் அச்சடித்த ஒரே புத்தகம். நாங்கள் குடிவந்த புதிதில் கொடுத்தார். "நடுவுல கொஞ்சம் பக்கம் வெட்டாம ஒட்டிகினு கீது, ஸ்கேல வச்சு கிழிச்சிக்கோ" என்றார். அடுத்த வாரமே போனில், "ஒரே மூச்சுல படிச்சிட்டேன்ணா, ரொம்ப நல்லா இருக்கு" என்றேன்.

பொய்தான். ஆனால் வருடம் தவறாமல் சரஸ்வதி பூஜைக்கு அதைத்தான் எல்லாவற்றுக்கும் மேலே வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, படமெடுத்து அவருக்கு அனுப்புவேன். அவரும் அதை ஸ்டேட்டஸில் போட்டுக்கொள்வார்.

அட்டை முழுக்கக் குங்குமக் கறையோடு அதை எடுத்த அண்ணன், நடுப்பக்கத்தைப் புரட்டப் போய் நிறுத்திவிட்டார். தாள்கள் ஒட்டியபடியே இருந்தன.

"பாப்பா, நீ இத்த படிக்கவே இல்லியா?"

"இல்லண்ணா" என்றேன். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டார்.

"அப்பாடா. நாலு வருசமா நீ எம்மேல கோவமா கீறன்னு நெனச்சுகினு இருந்தேன்."

"எதுக்குண்ணா?"

"ஏழாவது படிக்கும்போது உனக்கு பிரைஸா ஒரு புக்கு குடுத்தாங்களே. தொலைச்சிட்டன்னு அம்மா உன்ன அடிச்சுது. அத்த பழைய பேப்பர் கடைல போட்டுட்டு சினிமாக்கு போனது நான்தான். இதுல எழுதி மன்னிப்பு கேட்டுகினேன். படிச்சிட்டேன்னு சொன்ன, ஆனா அத்தப் பத்தி ஒரு வார்த்த பேசல. மன்னிக்கல போலன்னு நானும் கேக்கல."

அவர் வாசலிலேயே நின்றது டியூட்டிக்காக அல்ல. அந்தப் பரிசுப் புத்தகத்தை நான் மறந்தே பல வருடமாகிவிட்டது.

வீட்டில் ஸ்கேல் கிடைக்கவில்லை. காய் நறுக்கும் கத்தியைக் கொடுத்தேன். தாள் கிழியாமல் பொறுமையாக ஒவ்வொன்றாகப் பிரித்து, தூசியை ஊதி, என்னிடம் நீட்டினார். "இப்ப படி. நான் அந்தாண்ட போய் நிக்கிறேன்" என்று பால்கனிக்குப் போனார்.

மூன்றே பக்கம். நின்றபடியே படித்தேன். கடைசியில் இப்படி எழுதியிருந்தார்: 'நேரில் சொல்ல எனக்குத் தைரியமில்லை. ஆனால் என் தங்கை எதையும் ஒரு வரி விடாமல் படிக்கிறவள். இதையும் படித்துவிடுவாள்.'