கூடாரக்கா கேரியர் மாட்டிய நாள்

தையல் கூடத்தில் எல்லோரும் அவரைக் கூடாரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வேலையை விட்ட பிறகும் அந்தப் பெயர் விடவில்லை. மகளோடும் மருமகனோடும் அவர் குடியிருந்த அடுக்குமாடி வீட்டின் காவல்காரருக்கும் அவர் கூடாரக்காதான்.

இளம்வயதிலிருந்து கூடாரம் தைத்தவர். அதிலும் ஜன்னல் பிரிவு. கனத்த துணியைச் சதுரமாக வெட்டி, கொசுவலை வைத்து, ஜிப் பொருத்தி, அடுத்த மேசைக்குத் தள்ளிவிட வேண்டும். அந்த ஜன்னல் எந்த மலைக்குப் போனது, அதன் வழியாக யார் எதைப் பார்த்தார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. ஒரு கூடாரத்துக்குள் ஒரு தடவைகூடப் படுத்ததில்லை.

மருமகன் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஃபிரேம் சரிசெய்கிறவன். கூச்ச சுபாவம். "சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை?", "ஆச்சு அத்தை." இரண்டு வருடமாக இருவருக்கும் நடுவில் ஓடிய பேச்சு மொத்தமும் இதற்குள் அடங்கும். அவன் ஒரு பழைய ஜீப்பை வாங்கிக்கொண்டு வந்தபோது மகள்தான் தாம்தூம் என்று குதித்தாள். கல்லோ சேறோ பார்க்காமல் ஏறுகிற வண்டி, டவுன் டிராஃபிக்கில் என்னத்தை ஏறப்போகிறது என்று கேட்டாள்.  கூடாரக்கா கீழே போய் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அதன் கூரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து பின்னறையில் மிஷின் ஓடும் சத்தம் கேட்டபடி இருந்தது. திரைச்சீலை தைக்கிறார் என்று மற்ற இருவரும் நினைத்துக்கொண்டார்கள். ஒரு விடுமுறை நாள் காலை, பச்சை மூட்டை ஒன்றை ஹாலுக்கு இழுத்து வந்து மருமகன் காலடியில் போட்டார்.

"மாப்பிள்ளை, உங்க வண்டி மேல இது நிக்குமா?"

அவன் பிரித்துப் பார்த்தான். மடக்குப் பலகையின்மேல் தைத்து ஏற்றிய கூடாரம். மூன்று பக்கம் ஜன்னல். ஏறி இறங்க ஏணி மாட்டும் கொக்கிகூட இருந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தையலை விரலால் தடவினான்.

"கூரை மேல கம்பிக் கேரியர் போட்டா நிக்கும் அத்தை."

"அப்ப போட்டுருவோம்."

கேரியர் பாகம் பாகமாக ஒரு நீளமான அட்டைப்பெட்டியில் வந்து இறங்கியது. அடுத்த விடுமுறை நாளில் மகளுக்கு ஆஸ்பத்திரியில் காலை டியூட்டி. அவள் ஸ்கூட்டர் கேட்டைத் தாண்டியதுதான் தாமதம், இருவரும் லிஃப்ட்டில் இறங்கிவிட்டார்கள். அடித்தளத்து வண்டி நிறுத்தத்தில் பழைய படுக்கை விரிப்பை விரித்து, கறுப்புக் கம்பிகளையும் பக்கச் சட்டங்களையும் வரிசையாக அடுக்கினார்கள். போல்ட்டு ஒரு கிண்ணத்தில், வாஷர் இன்னொரு கிண்ணத்தில். கூடாரக்கா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். கல்யாண வீட்டுக்குக் கிளம்பியவர் மாதிரி முகம் பளபளத்தது.

தரையிலேயே சட்டம் கோத்து முடிந்தது. ஆளுக்கொரு பக்கம் தூக்கிக் கூரைமேல் வைத்தார்கள். கூரையின் இரண்டு ஓரத்திலும் மழைத்தண்ணீர் வடிய ஒரு வாய்க்கால் விளிம்பு ஓடியது. கேரியரின் கால்கள் அந்த விளிம்பைத்தான் கவ்விப் பிடிக்க வேண்டும். மருமகன் முக்காலிமேல் ஏறிப் போல்ட்டைத் திருகத் தொடங்கினான். அரிசி அளவு ஸ்க்ரூ திருகிப் பழகிய கை. இரண்டு விரலால் பதமாகத் திருப்பி, காதை வைத்துக் கேட்டான்.

"மாப்பிள்ளை, அது என்ன குழந்தையா? நல்லா முறுக்குங்க."

"மரை தேய்ஞ்சிடும் அத்தை."

"நீங்க விடற லூசுல கூடாரம் பறந்தே போயிடும். ஸ்பேனரை இங்க கொடுங்க."

அவர் முறுக்கிய முறுக்கில் ஜீப்பே ஒரு பக்கம் சாய்ந்தது. கடைசியில் இருவரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள்: அவன் போதும் என்று சொல்லும் வரை அத்தை முறுக்குவது. ஆறு கால்களையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிக்கொண்டு வந்தார்கள். முடித்துவிட்டு இரண்டடி பின்னால் நின்று பார்த்தால் கேரியர் கோணலாக இருந்தது. ஒரு பக்கம் தூக்கல், ஒரு பக்கம் தாழ்வு.

கூடாரக்காவுக்கு முகம் விழுந்துவிட்டது. "வண்டி கோணலா, நம்ம கோணலா?"

அவன் குனிந்து, எட்டி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போய்ப் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான். "இடது காலையும் வலது காலையும் மாத்தி மாட்டிட்டோம். கண்ணாடிக்கு ரெண்டு காதும் மாறின மாதிரி."

மாமியார் எதிரில் அவன் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் முறை. எல்லாவற்றையும் கழற்றி மறுபடி மாட்டினார்கள். இந்தத் தடவை சட்டம் கூரையோடு அச்சாகப் படிந்தது. கூடாரக்கா எம்பிக் கம்பியைப் பிடித்துத் தொங்கினார். வண்டி ஆடியது, கேரியர் அசையவில்லை. தொங்கியபடியே, "ஏறுங்க மாப்பிள்ளை, கிளம்புவோம்" என்றார்.

கூடாரம் கனம் என்பதால் அதைத் தெருவில் வைத்து ஏற்றுவதாகத் திட்டம். காவல்காரர் அதைத் தள்ளுவண்டியில் வெளியே கொண்டுபோய்விட்டார். ஜீப் சாய்வுப் பாதையில் உறுமிக்கொண்டு ஏறியது. பாதி ஏறியிருக்கும், காவல்காரர் விசிலை ஊதிக்கொண்டு எதிரே ஓடிவந்தார்.

"நில்லுங்க, நில்லுங்க. இடிக்கும்."

வெளியேறும் வாசலில் குறுக்கே ஒரு கான்கிரீட் உத்தரம். கேரியர் அதைவிட இரண்டு விரல் உயரம். வண்டியை அளந்தார்கள், கேரியரை அளந்தார்கள், கூடாரத்தை அளந்தார்கள். வாசலை மட்டும் ஒருவரும் அளக்கவில்லை.

மருமகன் ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்தான். "கழட்டிடலாம் அத்தை. மேல போய் மறுபடி மாட்டிக்கலாம்."

"கழட்டினீங்கன்னா இனி சாப்பிட்டீங்களான்னு கூடக் கேக்கமாட்டேன்."

இருவரும் கீழே இறங்கி உத்தரத்தை முறைத்துக்கொண்டு நின்றபோது மகளின் ஸ்கூட்டர் வந்து நின்றது. டியூட்டி முடிந்த களைப்போடு அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். கையெல்லாம் கறுப்பாகக் கணவன். நெற்றியிலும் கறுப்பாக அம்மா. பாதையை அடைத்துக்கொண்டு ஜீப்.

"என்ன பண்ணி வச்சிருக்கீங்க ரெண்டு பேரும்?"

சொன்னார்கள். ஒருவர் வாயிலிருந்து மற்றவர் பேச்சைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொன்னார்கள். அவள் அம்மாவையும் பார்த்தாள், கணவனையும் பார்த்தாள். இந்த இரண்டு பேரும் இப்படிப் பேசுவார்களா என்கிற ஆச்சரியம் அவள் கோபத்தைப் பாதி தின்றுவிட்டது. மீதியோடு சைக்கிள் நிறுத்தத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"யாராவது சும்மா இருந்தா வாங்க. கனமான ஆளா இருந்தா ரொம்ப நல்லது."

ஏன், எதற்கு என்று முதலில் யாருக்கும் புரியவில்லை. ஆள் ஏறினால் வண்டி தாழும் என்று அவள் சொன்னதும் கூட்டம் கூடிவிட்டது. இரண்டாம் மாடி வக்கீல், அவர் மனைவி, முடிவெட்டும் கடைக்காரர், உடற்பயிற்சிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அண்ணன் தம்பி இருவர். உள்ளே பிதுங்கப் பிதுங்க ஏறினார்கள். வக்கீலின் மனைவி மட்டும், "நான் ஏறினதாலதான் இறங்குச்சுன்னு யாரும் வெளிய சொல்லக் கூடாது" என்று உறுதிமொழி வாங்கிக்கொண்டு ஏறினார். பின்கதவைக் கீழ்நோக்கி மடக்கித் திறந்துவைத்து அதன்மேலும் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். வண்டி முனகிக்கொண்டு அமிழ்ந்தது. மருமகன் நான்கு டயரிலும் கொஞ்சம் காற்றை இறக்கினான்.

காவல்காரர் பக்கச் சுவர்மேல் ஏறி, உத்தரத்துக்கும் கேரியருக்கும் நடுவில் டார்ச் அடித்தார். "மெதுவா. இன்னும் மெதுவா. ஒரு தாள் போற இடம் இருக்கு. யாரும் மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்க, வண்டி எழும்பிடப் போகுது."

வண்டி குலுங்கக் குலுங்கச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு முன்கம்பி நுழைந்தது. நடுக்கம்பி நுழைந்தது. பின்கம்பியும் வெளியே வந்து முகத்தில் வெயில் அடித்தபோது, தெருவே திரும்பிப் பார்க்கும்படி கைதட்டல் எழுந்தது. ஏறினவர்கள் ஒருவரும் இறங்க ஒத்துக்கொள்ளவில்லை. காற்று அடிக்கும் கடை வரை வந்துதான் இறங்கினார்கள்.

திரும்பி வந்து அத்தனை பேருமாகக் கூடாரத்தைத் தூக்கி ஏற்றிப் பட்டை போட்டுக் கட்டினார்கள். மகள் சீருடையைக்கூட மாற்றாமல் பின்சீட்டில் ஏறினாள். முன்சீட்டு கூடாரக்காவுக்கு.

டவுனைத் தாண்டித் தார்ச்சாலை மண்சாலையானது. மண்சாலை வெறும் சக்கரத் தடமானது. கல்மேல் ஏறும்போதெல்லாம் கூடாரக்கா டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு, "இன்னொண்ணு வருது, அதுலயும் ஏறுங்க" என்றார். மேட்டில் மரங்கள் முடிகிற இடத்தில் வண்டி நின்றது. ஏணியை மாட்டி, பலகையை விரித்து, அவர்தான் முதலில் ஏறினார். மல்லாந்து படுத்தார். மூன்று ஜிப்பையும் இழுத்தார். ஒரு ஜன்னலில் கீழே வளைந்து போகும் ஆறு. இன்னொன்றில் பாறை. மூன்றாவதில் வெறும் வானம். மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"அம்மா, என்ன தெரியுது?"

"வந்து பாரு."

மகள் ஏறிப் பக்கத்தில் படுத்தாள். மருமகன் ஏணியடியில் தயங்கி நின்றான்.

"மாப்பிள்ளை, செருப்பைக் கழட்டிட்டு வாங்க. மூணு பேருக்குத்தான் தைச்சேன்."

அவன் ஏறி ஓரமாக, காலை வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்தான். காற்று கூடாரத்தைப் பொம்மென்று உப்பவைத்தது. தையல் ஒன்றுகூடப் பிரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அவனுக்கு நிலைகொள்ளவில்லை. கரடுமுரடில் வந்தால் போல்ட்டு இளகும், பார்த்துவிடுகிறேன் என்று இறங்கினான். அத்தையும் பின்னாலேயே இறங்கி எதிர்ப்பக்கம் ஸ்பேனரோடு போய் நின்றார். அந்தப் பக்கம் ஒரு போல்ட்டு கால் சுற்று இளகியிருந்தது.

"எனக்கு ஒண்ணு கிடைச்சிடுச்சு" என்றார், புதையல் எடுத்தவர் போல.

முறுக்கி முடித்து நிமிர்ந்தபோது, தடம் அங்கே முடியாமல் மேட்டைச் சுற்றி மறுபக்கம் இறங்குவது அவர் கண்ணில் பட்டது.

"அந்தப் பக்கம் என்ன இருக்கு மாப்பிள்ளை?"

"தெரியலையே அத்தை."

"வெளிச்சம் இருக்குல்ல? மடக்குங்க கூடாரத்தை."

கூடாரத்துக்குள்ளிருந்து மகள், "நான் இன்னும் உள்ளதான் இருக்கேன்" என்று கத்தினாள். அதற்குள் இருவரும் பட்டையை இழுக்கத் தொடங்கியிருந்தார்கள்.