மீன் கூடையும் இட்லிப் பானையும்

இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் காப்புரிமை மேல்முறையீடுகளை விசாரிக்கும் இருவரில் ஒருவனாக இருந்தேன். மற்றவர் சட்டம் படித்தவர், நான் இன்ஜினியர். தாம்பரத்திலிருந்து தினமும் மின்சார ரயிலில் போய் அடுத்தவன் மூளையை எடை போடும் உத்தியோகம்.

என்னைப் பாடாய்ப் படுத்தியது ஒரு மீன் கூடை. கடற்கரைக் குப்பத்துக்காரர் ஒருவர் செய்தது. ஐஸ் உருகிய தண்ணீரில் கிடந்தால் மீன் கெட்டுவிடும். கூடையில் ஓட்டை போட்டால் சுமப்பவர் மேல் ஒழுகும். அவர் உள்ளே ஓட்டைத் தட்டு ஒன்றைப் பொருத்தி, அடியில் தண்ணீர் தேங்க இடம் விட்டு, அதை வெளியேற்ற ஒரு திருகு மூடியும் வைத்திருந்தார். ‘இது இட்லிப் பானைதானே, யாருக்கும் தோன்றும்’ என்று காப்புரிமை அலுவலகம் நிராகரித்துவிட்டது. நாங்கள் தீர்மானிக்க வேண்டியது ஒன்றுதான்: தொழில் தெரிந்த ஒருவருக்கு இது தானாகத் தோன்றியிருக்குமா? ஆம் என்றால் கூடை செய்தவருக்கு உரிமை கிடையாது.

அட கடவுளே! காலையில் வரைபடத்தைப் பார்த்தால் ‘ப்பூ, இவ்வளவுதானா’ என்றிருக்கும். பல்லாவரம் தாண்டுவதற்குள் சந்தேகம் வந்துவிடும். விடையைப் பார்த்த பிறகு எந்தக் கணக்குதான் கஷ்டம்? தட்டிலிருந்த இட்லியை முறைத்துக்கொண்டிருந்து மனைவியிடம் திட்டும் வாங்கினேன்.

கூடைக்காரர் வக்கீல் வைக்கவில்லை. விசாரணையன்று, நாங்கள் கேட்காமலே தன் அக்காவைக் கூட்டி வந்துவிட்டார். இருபது வருஷமாக மீன் சுமந்து விற்பவர். தம்பியைப் புகழத்தான் வந்தார்.

“ரொம்ப ஈஸி சார். இதுல ஒண்ணுமே இல்ல, கொயந்த கூட செஞ்சிடும்” என்றார் பெருமையாக.

காப்புரிமை அலுவலகத்தின் வக்கீலுக்கு வாயெல்லாம் பல். தம்பியின் முகம் செத்துப்போனது. “அக்கா, கெடுத்துட்டியே!”

நம்மூரில் ஒரு பொருளை மெச்சுவதே இப்படித்தான். எனக்கு வந்த எரிச்சல் அந்த அம்மாள் மேலா, சட்டத்தின் மேலா, தெரியவில்லை. “அவ்வளவு ஈஸின்னா இத்தனை வருஷம் நீங்களே ஏம்மா செஞ்சுக்கல?” என்று கத்தியே விட்டேன்.

அவர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். “எதுக்கு சார் செய்யணும்? மீன் விக்கிறவ முதுகு நனையத்தான செய்யும்?”

அது நனையக் கூடாத முதுகு என்று தோன்றியதே தம்பி ஒருவருக்குத்தான். அப்படியே எழுதி, அவருக்கு உரிமை கொடுத்தோம். அது சட்டமா, என் வெட்கமா என்று இன்றைக்கும் எனக்குக் குழப்பம்தான்.