மீசை வைத்த அம்மன்

என் கணவர் பஸ் கண்டக்டராக இருந்தவர். பெரம்பலூரிலிருந்து அரியலூர் வழியாகத் திருமானூர் போகும் வண்டியில்தான் பாதி ஆயுளைக் கழித்தார். ஓய்வு பெற்ற மறு வருஷம் வந்த ஒரு காய்ச்சல் அவருடைய இரண்டு காதுகளையும் கொண்டுபோய்விட்டது. திருச்சியில் காது மெஷின் வாங்கி மாட்டிப் பார்த்தோம். “தகரத்துல மழை பெய்யற மாதிரி இருக்கு” என்று கழற்றி வைத்துவிட்டார்.

அதன்பிறகு வெளியே போவதைக் குறைத்துக்கொண்டார். கல்யாண வீட்டில் யாராவது கத்திப் பேசுவார்கள், இவர் வேறு எதையோ பதிலாகச் சொல்வார், பக்கத்தில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். மூன்றாவது தடவை அப்படி ஆனபோது பந்தியில் உட்காராமலே வீட்டுக்கு வந்துவிட்டார். நான் பள்ளியில் ஓவிய ஆசிரியை. சாயங்காலம் நான் திரும்பும்போது டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். அதையும் பார்க்காமல் உட்கார்ந்திருப்பார்.

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வந்தாள். முந்தின நாள் ஒரு கலை அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தாளாம். டிக்கெட்டோடு ஒரு கையடக்க வீடியோ கேமையும் வாடகைக்குக் கொடுத்தார்களாம். எந்த ஓவியத்துக்கு முன்னால் நிற்கிறோமோ அதன் கதை அதில் வரும். படத்தைப் பெரிதாக்கலாம், சிலையைத் திருப்பி முதுகுப்பக்கம் பார்க்கலாம், கேள்விகூடக் கேட்குமாம்.

“சின்ன வயசுல நான் வச்சிருந்தேனே, அது மாதிரிதாம்மா” என்றாள்.

அவளுடைய அந்தப் பழைய வீடியோ கேம் பீரோவில் கிடந்தது. பேட்டரி உப்பியிருந்தது. புதிதாக ஒன்று வாங்கிப் போட்டதும் திரையில் வெளிச்சம் வந்தது. மெமரி கார்டில் போட்டோக்களைப் போட்டால், பட்டனை அழுத்த அழுத்த ஒவ்வொன்றாக வரும் என்று மகள் சொல்லிக்கொடுத்தாள்.

அரியலூர் பக்கம் ஒரு பழைய கோயிலை ஒட்டிச் சின்னதாக ஒரு சிற்பக் கூடம் இருக்கிறது. வயலிலும் ஏரியிலும் கிடைத்த சிலைகளைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அனுமதி கேட்டுப் பன்னிரண்டு சிலைகளைப் படம் எடுத்தேன். அந்த வீடியோ கேமுக்குத் தமிழ் எழுத்து வராது. அதனால் சார்ட் பேப்பரில் பிரஷால் பெரிதாக எழுதி, அதையும் போட்டோ எடுத்து உள்ளே சேர்த்தேன். ஒவ்வொரு சிலைக்கும் ஒரு குறிப்பு, ஒரு கேள்வி, அடுத்த பட்டனில் பதில். மதிய இடைவேளையில் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து அவருக்குத் தெரியாமல் எழுதினேன். இரண்டு மாதம் ஆயிற்று.

சிற்பக் கூடத்துக்கு வரச் சொல்லி எழுதிக் காட்டியபோது வரமாட்டேன் என்றார். “நான் எதுக்கு அங்க? நீ போயிட்டு வா.”

வீடியோ கேமை அவர் கையில் வைத்தேன். முதல் திரையில், ‘வணக்கம் கண்டக்டர் சார், வண்டி கிளம்பலாமா?’ என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தார். அப்புறம் எழுந்து போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

கூடத்தில் முதல் சிலைக்கு முன்னால் நின்று பட்டனை அழுத்தினார். திரையைப் பார்த்தார், சிலையைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார்.

“டீச்சர், இதுல அம்மன்னு எழுதியிருக்கு. இவருக்கு மீசை இருக்கே?”

திரையில் சிலைகள் வரும் வரிசையும் கூடத்தில் அவை இருக்கும் வரிசையும் மாறிப் போயிருந்தன. இரண்டு மாத உழைப்பு இப்படியாகிவிட்டதே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவரோ சிரிக்க ஆரம்பித்தார். தன் சிரிப்பு எவ்வளவு சத்தமாக இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. கூடம் முழுக்க எதிரொலித்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

“இரு இரு, அந்த அம்மன் எங்க இருக்காங்கன்னு நானே கண்டுபுடிக்கிறேன்” என்று கிளம்பிவிட்டார். அதுவே விளையாட்டாகிவிட்டது. திரையில் வரும் சிலையைக் கூடத்துக்குள் தேடுவார். கிடைத்ததும் கேள்வியைப் படித்துவிட்டுக் குனிந்து பார்ப்பார். ஒரு பீடத்தில் எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்று கேட்டிருந்தேன். பதில் ஐந்து.

“தப்பு. ஆறு பேரு” என்றார். நான் போய்ப் பார்த்தேன். பீடத்தின் பக்கவாட்டில், சுவரை ஒட்டி, ஆறாவதாக ஓர் ஆள் காலைத் தூக்கிக்கொண்டு நின்றான். அத்தனை தடவை வந்தும் நான் அவனைப் பார்க்கவே இல்லை.

அப்போது பூலாம்பாடியிலிருந்து வந்திருந்த இரண்டு பெண்கள் எங்களைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். மூத்தவர் என் கணவரிடம், “என்னங்கய்யா அது, கைல?” என்று கேட்டார். அவருக்குக் காது கேட்காது என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள், அவர் வீடியோ கேமை அந்த அம்மாவிடம் நீட்டிவிட்டார்.

“இந்தப் பட்டனை அமுக்குங்க. இந்த சாமி எங்க இருக்குன்னு தேடுங்க பாப்போம்!” பழைய கண்டக்டர் குரல். அவர்கள் கேட்டது எதுவும் அவர் காதில் விழவில்லை. சீக்கிரமே புரிந்துகொண்டு, அவர்களும் விரலால் காட்டிப் பேச ஆரம்பித்தார்கள். மூன்று பேரும் சிலை சிலையாகத் தேடிக்கொண்டு போனார்கள். நான் வாசல் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வரிசையை நான் சரிசெய்யவில்லை. ஆறாவது ஆளை மட்டும் சேர்த்தேன்.

கல்யாண வீடுகளுக்கு அவர் இன்னும் வருவதில்லை. நானும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் புதன்கிழமைகளில் தனியாகவே பஸ் ஏறிச் சிற்பக் கூடத்துக்குப் போய்விடுகிறார். போன வாரம் நான் வகுப்பில் இருந்தபோது போனில் ஒரு படம் அனுப்பியிருந்தார். ஏதோ ஒரு சிலையின் பாதம், அதில் தேய்ந்துபோன ஒரு கொலுசு. கீழே, ‘இதுக்கு ஒரு கேள்வி எழுது டீச்சர்’ என்றிருந்தது.

மணி அடித்ததும் சார்ட் பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.