அஸ்மத்தின் மூன்று புள்ளிகள்

"என் இனிஷியல்ல இருக்கற மூணு புள்ளியில ஒண்ணைக்கூட எவனாலும் எடுக்க முடியாது" என்று எஸ்.கே.எம். அஸ்மத் ஒருமுறை சூளுரைத்தார். இடம் தேக்கா சந்தை; சாட்சி ஒரு குவளை தே தாரிக் தேநீர். எழுதியவர் புள்ளிகளை விட்டுவிட்டார் என்பதற்காகக் கடையின் பெயர்ப்பலகையையே திருப்பி அனுப்பியவர் அவர். பூட்டனாரும் பாட்டனாரும் வாப்பாவும் அந்தப் புள்ளிகளைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார்கள் என்பது அவரது வரலாற்றுக் கொள்கை.

சிராங்கூன் சாலையில் பயணப்பெட்டி விற்கும் இப்பெருமகனார், மனைவி ஃபர்சானாவோடு சனிக்கிழமைதோறும் கணினி நிரல் எழுதக் கற்றார். அன்று கடைசி வகுப்பு. எழுதிய நிரல் ஓடினால்தான் அடுத்த நிலையில் இடம்.

செய்ய வேண்டியது 'கிளாஸ்' என்னும் ஓர் அச்சு. அச்சு சரியாக அமைந்தால் அதிலிருந்து வேண்டிய பெட்டிகளை வார்த்துக்கொள்ளலாம். ஃபர்சானா தம் அச்சுக்குப் 'பெட்டி' என்று பெயர் வைத்தார், ஓடிவிட்டது. அஸ்மத் தம் அச்சுக்குத் தம் பெயரையே புள்ளி குறையாமல் சூட்டினார். திரை சிவந்தது: சிண்டாக்ஸ் எரர், அதாவது நிரலின் இலக்கணப் பிழை. முதல் புள்ளிக்கு அடியில் ஒரு சின்ன அம்புக்குறி.

அஸ்மத் முதலில் விசைப்பலகையைச் சந்தேகித்தார். பிறகு அறையைக் குளிரூட்டும் ஏர்கானை.

"அம்பு எங்க காட்டுதுன்னு பாருங்க லா" என்றார் ஃபர்சானா.

"அது சும்மா காட்டுது."

"சும்மா குறை காட்டறதுக்கு அது என்ன உங்க மச்சானா?"

பயிற்சியாளர் தாரணி குனிந்து பார்த்தார். "அங்கிள், கிளாஸ் பேர்ல புள்ளி வரக்கூடாது. எடுத்துட்டா ஓடிடும்."

"எங்க மூணு தலைமுறைம்மா அது."

"சாரி அங்கிள். கம்ப்யூட்டருக்கு அவங்களைத் தெரியாது லா."

தாரணி அடுத்த மேசைக்குப் போனார். ஃபர்சானா பையை மூடினார். "சரி, நான் மட்டும் சேர்றேன். மார்சிலிங் வீட்டுலேருந்து ரயில்ல தனியா வரணும், அவ்வளவுதானே. கடையில வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துட்டே பேசறோம். ரயில்லயாவது நாம ரெண்டு பேரும் ஒழுங்கா பேசிட்டு வந்தோம்."

அஸ்மத் இடமும் வலமும் பார்த்தார். பூட்டனார் போனார். அம்பு இரண்டாம் புள்ளிக்கு நகர்ந்தது, பாட்டனாரும் விடைபெற்றார். மூன்றாம் புள்ளியில் விரல் சற்றே தயங்கியது.

"வாப்பா, கோவிச்சுக்காதீங்க" என்று முணுமுணுத்து அதையும் அழித்தார்.

திரையில் ஒரு பெட்டி பிறந்தது: சிவப்பு நிறம், நான்கு சக்கரம். ஃபர்சானா எதையுமே காணாதவர்போல், மிகுந்த மரியாதையோடு விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.