சாரி கார்டு வைத்த சைக்கிளும் குடமுருட்டிக் கரையும்

புது டயர் ரப்பர் வாசனை... அதோடு தேங்காய் எண்ணெய் வாசனை. சைக்கிள் செயினுக்கு விட மெஷின் எண்ணெய் தீர்ந்துபோய், என் தலைக்கு வைத்திருந்த பாட்டிலை எடுத்துக் கவிழ்த்துவிட்டார் எங்கள் வீட்டுக்காரர். அந்த ஐப்பசி மழையில் மாட்டுக்கொட்டகை முழுக்க அதே வாசனைதான்.

நேற்று எங்கள் மகன் காரில் ஓர் இடத்துக்குக் கூட்டிப்போனான். திரும்பி வந்ததிலிருந்து அந்த வாசனை மூக்கை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

அவருக்கு மஸ்கட்டில் வேலை. கல்யாணம் முடிந்த கையோடு போனவர், மறு தீபாவளிக்குத்தான் லீவில் வந்தார். திருவையாற்றுக்குப் பக்கத்தில் வீடு. மாமனார், மாமியார், கொழுந்தனார்கள், நாத்தனார் என்று வீடு கொள்ளாத கூட்டம். அவரோடு தனியாக நாலு வார்த்தை பேசலாம் என்று கிணற்றடிக்குப் போனால், அங்கேயும் யாராவது பல் விளக்கிக்கொண்டு நிற்பார்கள்.

எனக்கு ஒரே ஓர் ஆசை. ஒரு நாள்... ஒரே ஒரு நாள், நாங்கள் இரண்டு பேர் மட்டும் எங்கேயாவது போகவேண்டும்.

"குடமுருட்டி காவிரியிலேர்ந்து பிரியுற இடத்தைப் பாத்திருக்கியா? கரையோடயே போனா வந்துடும். சைக்கிள்ல போவோம்" என்றார். எனக்குத் தூக்கமே வரவில்லை.

மஸ்கட் கடற்கரையில் வெள்ளைக்காரர்கள் ஓட்டுவார்களாம் ஒரு சைக்கிள். ஓட்டுகிறவர் பக்கமாக வளைந்த ஹேண்டில், தடித்த டயர், அகலமான சீட்டு. உட்கார்ந்தால் முதுகு நிமிர்ந்து ஈஸிசேரில் இருக்கிற மாதிரி இருக்கும். அந்த மாதிரி ஒன்றைச் சென்னையில் பிடித்து, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார்.

அதோடு கிளம்பியிருக்கலாம்...

கடைத்தெருவில் பஷீர் பாய் சைக்கிள் கடைக்குத் தினமும் நடையாய் நடந்தார். கரையில் வழுக்கக்கூடாது என்று கட்டை கட்டையாய் பட்டன் வைத்த டயர். மிதிக்க லேசாக இருக்கப் பின்னால் பெரிய பல்சக்கரம். எனக்குக் கேரியரில் ஸ்பாஞ்சு வைத்து ரெக்ஸின் சீட்டு, கால் வைக்க ஒரு கம்பி. சேறு தெறிக்காமல் இரண்டு சக்கரத்துக்கும் மட்கார்டு.

"தங்கச்சி ஒருபக்கமாத்தானே உக்காரும்? பொடவை மாட்டிக்கிட்டா வம்பு. சாரி கார்டு போட்டுடுவோம் மாப்ள" என்று பஷீர் பாய் பின்சக்கரத்துக்கு ஒரு வலையும் மாட்டினார். அவருக்கும் பாய்க்கும் அதில் அவ்வளவு பெருமை.

கார்த்திகை பிறந்து ஒரு நாள் மழை விட்டது. கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு, புளிசாதம் கட்டிக்கொண்டு கிளம்பினோம். ஆறு நிறையத் தண்ணீர். அவர் முதுகில் சாய்ந்துகொள்ளலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே வந்தேன். ஊர் எல்லை தாண்டியதும் சாய்ந்துகொண்டேன்.

முதல் மதகு வருவதற்குள் சக்கரம் நின்றுவிட்டது.

டெல்டாக் களிமண்ணைப் பற்றி எங்களுக்கு யாராவது சொல்லவா வேண்டும்? நாற்றங்காலில் காலை விட்டால் செருப்பைப் பிடுங்கிக்கொள்கிற மண். அந்த டயர் அதை அள்ளி அள்ளி மட்கார்டுக்குள் அடைத்திருந்தது. மிச்சத்தைச் சாரி கார்டு பிடித்துவைத்திருந்தது. அவர் குச்சியால் நோண்டி எடுப்பார்... பத்தடி போகும்... மறுபடி நிற்கும்.

"அந்த வலையையும் மட்கார்டையும் கழட்டிப் போட்டுட்டுப் போவோமேங்க."

"பொடவை சிக்கி நீ விழுந்தா எங்கம்மாவுக்கு யார் பதில் சொல்றது? தை பொறக்கட்டும்டி... கரை காஞ்சிடும். ஜம்முனு போவோம்."

மதகுக் கட்டையில் உட்கார்ந்து புளிசாதத்தைத் தின்றுவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினோம்.

தை பிறந்தது. அறுப்பில் ஆளுக்கொரு வேலை. அறுப்பு முடிவதற்குள் அவர் லீவு முடிந்தது. அடுத்த லீவில் மகன் கைக்குழந்தை. அதற்கடுத்து நாத்தனார் கல்யாணம். சைக்கிள் கொட்டகையிலேயே நின்றது. டயர் வெடித்து, ரெக்ஸின் சீட்டில் கோழி முட்டையிட்டது. அவர் வருவதும் போவதுமாகவே எங்கள் வயசு போய்விட்டது.

இப்போது அவர் ஒரேயடியாக வந்துவிட்டார். மூட்டுவலி, வாசல் படி இறங்கவே கைபிடிக்க வேண்டும். கரை முழுக்கத் தார் ரோடு. நேற்று மகன் ஏசி போட்டு ஓட்ட, ஒரு பாட்டு முடிவதற்குள் வந்துவிட்ட மாதிரி இருந்தது, குடமுருட்டி பிரிகிற அந்த இடம்.

நான் மட்டும் இறங்கிப் பார்த்தேன். இரண்டு ஆறும் இரண்டு பக்கம் போகிறது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் இருபத்துச் சொச்ச வயசில் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து பார்த்திருக்க வேண்டியது. சைக்கிளை அந்த மதகிலேயே சாத்திவிட்டு நடந்தாவது போயிருக்கலாம். போகிற வரைக்கும் போயிருக்கலாம்.

திரும்பி வந்து காரில் ஏறினேன். அவர் கண்ணாடியை இறக்கிவிட்டு ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பாமலேயே சொன்னார்.

"அந்த சாரி கார்டைக் கழட்டியிருக்கணும்டி."

"பொடவையை இழுத்துச் சொருகிக்கிட்டு உக்காந்திருப்பேனே..." என்றேன்.

"என்னம்மா கார்டு? எதைக் கழட்டணும்?" என்று கேட்டான் மகன், வண்டியைத் திருப்பிக்கொண்டே.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.