எண்ணெய் மணத்த தோட்டாக்கள்

போன வாரம் நெய்யாற்றின்கரையிலிருந்து களியக்காவிளை போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். குளித்த கையோடு ஏறியிருக்க வேண்டும். ஈரம் காயாத முடியிலிருந்து காய்ச்சிய எண்ணெயின் மணம் வந்தது. கறிவேப்பிலையும் செம்பருத்தியும் நல்லமிளகும் போட்டு வீட்டிலேயே காய்ச்சுவார்களே, அது. நான் என்னை அறியாமல் ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் என் உதடு அசைவதைப் பார்த்து ஜெபம் என்று நினைத்தாரோ என்னவோ, மரியாதையாக நகர்ந்து இடம் விட்டார். இந்தப் பழக்கம் எனக்கு எங்கே ஒட்டியது என்று சொல்லத் தொண்ணூறுகளின் நடுவில் பாறசாலைக்குப் போக வேண்டும்.

நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். அம்பூரியில் ரப்பர் வெட்டினேன். கள்ளிக்காட்டில் ஒரு சாயாக்கடையில் கண்ணாடி கழுவினேன். எந்த ஊரிலும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் தங்கியதில்லை. பாறசாலையில் ஒரு லேத்துப் பட்டறையில் சேரும்போது இருபத்தெட்டு வயது. பட்டறையிலேயே படுக்கை. சாப்பாடு கிடைத்த நாளில் சாப்பாடு.

அங்கேதான் சுபேதார் தங்கையன் என்னைத் தேடி வந்தார். பட்டாளத்தில் ஓய்வு பெற்றவர், ரிவால்வர் போட்டிகளில் சுடுகிறவர். மனைவி சரோஜம் புற்றுநோயில் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அவள் படுக்கையில் கிடந்த காலமெல்லாம் துப்பாக்கியைத் தொடாமல் இருந்தவர், திருவனந்தபுரத்தில் நடக்கவிருந்த ஒரு போட்டிக்கு அப்போது மறுபடி பெயர் கொடுத்திருந்தார்.

போட்டிக்காரர்களில் சிலர் தோட்டாவைத் தாங்களே நிறைப்பார்கள். சுட்டு முடிந்த பித்தளைக் கூட்டை எறிவதில்லை. அடியில் புதுக் கேப்பு வைத்து, உள்ளே வெடிமருந்து போட்டு, வாயில் ஈயக்குண்டை அமர்த்தினால் மறுபடி தோட்டா. ரிவால்வரின் சுத்தியல் முனை அடியில் இடித்ததும் கேப்பு பொறி விடும், மருந்து பற்றும். தங்கையன் பத்து வருடமாக இப்படித்தான் நிறைத்துச் சுட்டிருக்கிறார். இப்போது நிறைத்ததில் பாதி வெடிக்கவில்லை.

“கேடு தோக்குக்கா தோட்டாவுக்கா, அதச் சொன்னா போதும்” என்றார். துப்பாக்கியை எங்கள் பக்கத்தில் தோக்கு என்போம்.

“நான் பம்புசெட்டு பாக்குறவன் சார். தோக்கப் பத்தி எனக்கு என்ன தெரியும்?”

“எனக்கு மேல இருந்த ஆப்பீசருக்கும் ஒண்ணும் தெரியாது. ஆனா மிண்டாம, வாயத் தொறக்காம வருவான். நீயும் வாலே.”

அவர் வீட்டுக்குப் பின்னால் கைவிட்ட பாறைக்குழி ஒன்று இருந்தது. அடியில் பச்சைத் தண்ணீர், எதிரே செங்குத்துப் பாறை. சுட்டால் சத்தம் பாறையில் மோதி நம் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும். அது பயமில்லை. ‘டிக்’ என்று மட்டும் கேட்கும்போதுதான் பயம். வெடிக்காத தோட்டா தாமதித்து வெடிக்கக்கூடும் என்பதால், துப்பாக்கியைப் பாறையைப் பார்த்தே பிடித்துக்கொண்டு முப்பது எண்ண வேண்டும். அவர் வாய்விட்டு எண்ணுவார். காலை பத்து மணி வெயிலில், ஒரு காக்கைகூடக் கத்தாத குழியில், அந்த எண்ணிக்கை மட்டும் கேட்கும். ஒருமுறை பதினொன்றில் வெடித்தது. 

நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வெடிக்காத தோட்டாவின் கேப்பில் இடித்த குழி நல்ல ஆழம், வெடித்ததில் இருந்த அதே அளவு. ஆகவே ஸ்பிரிங்கில் கோளாறில்லை. கேப்பு பழசாக இருக்கும் என்று புதுப்பெட்டி வாங்கினார். அதிலும் பாதி நின்றது. கேப்பு சரியாக அமரவில்லையோ என்று விரலால் தடவிப் பார்த்தேன், ஒன்றும் தட்டுப்படவில்லை. மருந்து ஈரமோ என்று ஒரு சிட்டிகையை ஓட்டுத்துண்டில் வைத்துக் கொளுத்தினார், சீறி எரிந்தது. எல்லாம் சரி, வெடிக்க மட்டும் மாட்டேன் என்கிறது.

“அவளுக்கு இஷ்டமில்ல, அதாக்கும்” என்றார் தங்கையன். தண்ணீர் வரவில்லை, குழாயில் அடைப்பு என்கிற மாதிரி சொன்னார். “இருக்கும்போதே சொல்லுவா, இந்த எளவ எதுக்குத் தூக்கிட்டு நடக்கியன்னு. இப்ப கேப்ப அமத்திப் பிடிக்கா.”

“சார், பட்டாளத்துக்காரரு பேசுற பேச்சா இது?”

“நீ முப்பது எண்ணிப் பாரு மக்கா. பின்னால ஆள் நிக்கது தெரியும்.” ரிவால்வரைத் துடைத்துக்கொண்டே, “ஞாயிற்றுக்கிழமையும் தோட்டா நின்னா ரிவால்வர ஸ்டேஷன்ல குடுத்துருவேன். அவ வேண்டாம்னா வேண்டாம்” என்றார்.

அதற்குப் பிறகு அவர் எண்ணும்போதெல்லாம் நான் பாறையைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கழுத்தை விறைத்துக்கொண்டு நிற்பேன். திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. நான் பேய்க்கும் சாமிக்கும் ஒன்றுபோல் தூரம் நின்றவன்தான், இருந்தாலும்.

ஞாயிறு வந்தது. முதல் தோட்டா வெடித்தது. இரண்டாவது ‘டிக்’. முப்பது. மூன்றாவதை இழுத்தபோது வெடிச்சத்தமும் இல்லை, ‘டிக்’கும் இல்லை. ஈர விறகு மூச்சு விடுவதுபோல ‘புஸ்’ என்றது. கொஞ்சம் புகை வந்தது. அந்தப் புகையில், குளித்து வந்த பெண்ணின் தலைமுடி மணத்தது. அடுத்ததை இழுக்கப்போன தங்கையனின் விரல் அப்படியே நின்றது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பினோம்.

பின்னால் யாருமில்லை. மரச்சீனிச் செடிகள் நின்றன, அவ்வளவுதான்.

“உனக்கும் வந்ததா?” என்றார்.

“வந்தது சார்.”

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் பாறையைப் பார்த்தேன். முதல் குண்டு அடித்த அடையாளம் தவிரப் புதிதாக வேறு எதுவும் இல்லை. ரிவால்வரை வாங்கி, தோட்டாக்களைக் கழற்றி, ஒரு ஈர்க்குச்சியைக் குழலில் விட்டேன். பாதியில் தட்டி நின்றது. ஈயக்குண்டு உள்ளேயே சிக்கியிருந்தது. அடுத்த தோட்டா வெடித்திருந்தால் குழல் பிளந்து அவருடைய கையோ முகமோ போயிருக்கும்.

வீட்டில் வந்து, வெடிக்காத தோட்டா ஒன்றின் ஈயத்தை மெல்லப் பிடுங்கினோம். மருந்து கூட்டின் அடியில் கட்டிபிடித்திருந்தது. அறை முழுக்க அந்த மணம். சரோஜத்தின் தங்கை ராஜம்மை மீன்கறி கொண்டுவந்தவள், வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“இது அக்காளுக்க தலையெண்ணெய் அல்லவா அத்தான்?”

பிறகு அவள்தான் சொன்னாள். எங்கள் பக்கத்தில் நிலவிளக்கையும் உருளியையும் புளி போட்டுத் தேய்ப்பதும், நெடுநாள் எடுத்துவைக்கிற பித்தளை பச்சை பிடிக்காமலிருக்க எண்ணெய் தொட்டு வைப்பதும் வழக்கம். தங்கையனின் காலிக் கூடுகளையும் வெள்ளிக்கிழமை விளக்கோடு சேர்த்துத் தேய்த்துக் கொடுப்பவள் சரோஜம்தான்.

“கடைசியில கெடக்கையில கூடு எல்லாத்தையும் எடுக்கச் சொன்னா. இனி யாரு இதத் தேய்ப்பா, அவரு எப்பவாவது எடுப்பாரு, கேடுவரப்பிடாதுன்னு சொல்லிச் சொல்லியாக்கும் ஒவ்வொண்ணுலயும் எண்ணெய் விட்டா. வேற எண்ணெய் எடுக்க எழும்ப முடியல்ல. தலமாட்டுல இருந்தத எடுத்தா.”

தங்கையன் வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டு அப்படியே நிறைத்திருக்கிறார். உள்ளே படிந்திருந்த எண்ணெய், கூடுதலாகத் தங்கிய கூடுகளில் கேப்பை நனைத்துக்கொண்டே இருந்தது. எண்ணெய்க்கும் தோட்டாவுக்கும் ஆகாது என்று அந்தப் பாவத்துக்கு எப்படித் தெரியும்?

“அப்பம் அவளுக்குக் கோவம் ஒண்ணும் இல்ல” என்றார் தங்கையன். இரண்டு முறை சொன்னார்.

கூடுகளைச் சோடாக்காரம் போட்டுக் கொதிக்கவைத்தது நான். அடுக்களையிலிருந்து அந்த மணம் எழும்பி வீடு முழுக்க நடந்தது. அது அடங்கும்வரை அவர் உள்ளே வரவில்லை, முற்றத்து மாமரத்தடியில் குந்தியிருந்தார். வெந்நீரைக் கொட்டப் போனபோது மட்டும், “கொஞ்சம் தள்ளிக் கொட்டுலே, ஆளு சவுட்டி நடக்கிற எடத்துல வேண்டாம்” என்றார்.

போட்டி முடிந்து பட்டறைக்கு வந்தார். ஜெயித்தாரா என்று கேட்டேன். 

“எல்லாம் வெடிச்சுது மக்கா. ஒண்ணுகூட நிக்கல்ல.”

மரணச் செய்தி சொல்லும் குரல் அது. பிறகு அவர் ரிவால்வரை எடுத்ததாக நான் கேள்விப்படவில்லை. நானும் அடுத்த மழைக்கு முன் ஊர் மாறிவிட்டேன்.

இப்போது அந்த வீடு இல்லை. பாறைக்குழியை மண் கொட்டி மூடி, மேலே ஒரு கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறார்கள். வழியெல்லாம் முப்பது முடிந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தவன், பேருந்து அதைத் தாண்டும்போது இருபத்தாறில் இருந்தேன். முன்னால் இருந்த பெண் பாறசாலையில் இறங்கிப் போனாள். முப்பது வரை எண்ணி முடித்தேன். மணம் போய்விட்டிருந்தது. கழுத்தைத் திருப்பி, அத்தனை வருடத்துக்குப் பிறகு, பின்னால் பார்த்தேன். கடைசி இருக்கைவரை காலியாக இருந்தது.