இருவருக்காக ஒரு கிட்டார் கச்சேரி

தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள், பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் கிட்டார் கச்சேரி. கப்பல்களில் ஜாஸ் வாசித்துவிட்டு ஊர் திரும்பிய உவரிக் கடற்கரைக்காரர் ஒருவர் பழைய ராக் பாடல்களை வாசிக்கப்போகிறார் என்றார்கள். ராக் என்றால் எனக்கு உயிர். என் மனைவிக்கோ தலைவலி. கெஞ்சித்தான் அழைத்துப் போனேன்.

வாசிக்கத் தொடங்கியதுமே எனக்கு எரிச்சல் வந்தது. இடியாக முழங்க வேண்டிய பாட்டை, தாளத்தை மாற்றி, நடுவில் புதிதாக எதையோ சேர்த்து, பைய வாசித்தார்.

"பாட்டக் கெடுக்காரு, வா போவோம்" என்று எழுந்தேன். மனைவி என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"சும்மா இருங்க. வீட்டுல நீங்க அலறவிடுத பாட்டுல்லா இது? இதுக்குள்ள இவ்வளவு ஏக்கம் இருக்குன்னு ஏன் சொல்லல?"

அதன்பிறகுதான் நானும் கேட்கத் தொடங்கினேன்.

கச்சேரி முடிந்ததும் அவள் நேரே மேடைக்குப் போனாள். "அண்ணாச்சி, மொதல்ல வாசிச்ச அந்தப் பாட்ட இன்னொருக்க வாசிப்பியளா?"

ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தவர் சிரித்தார். மேடை விளிம்பில் உட்கார்ந்து எங்கள் இருவருக்காக வாசித்தார். இம்முறை அதில் ஒரு துள்ளல் இருந்தது.

"முன்ன வாசிச்சது வேற மாதிரில்லா இருந்துச்சு?" என்றேன்.

"அப்ப இருட்டுல ஆருக்கு வாசிக்கேன்னு தெரியல. இப்ப ஒங்க ரெண்டுபேரு மொகமும் தெரியுதுல்லா."

அந்தப் பாட்டை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அவளோடு சேர்ந்து கேட்டது அன்றுதான்.